வெண்பட்டு, ஜவ்வரிசி, காப்பி: சேலத்தில் நான்கு நாள்

முதல் நாள், இரவு பத்தரை

விடிய நாலரைக்கு சேலம் ஜங்ஷனில் இறங்கினேன். தை மாதக் குளிர், ஸ்வெட்டரை பையின் அடியில் வைத்துவிட்டதால் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து மொத்தப் பையையும் கலைக்க வேண்டியதாயிற்று. ஒரு டீ குடித்து, லாட்ஜில் குளித்து, எட்டு மணிக்கெல்லாம் அம்மாப்பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசியில் தம்பிக்குக் கல்யாணம். சேலம் வெண்பட்டு வேட்டிதான் வேண்டும் என்கிறாள் அம்மா. அப்பா தன் கல்யாணத்துக்குக் கட்டியது இன்னும் பெட்டியில் இருக்கிறது, கரையில் சரிகை மங்கிவிட்டாலும் உடம்பு வெள்ளை அப்படியே. போன வருடம் மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு சென்னையில் ஒரு கடையில் சேலம் பட்டு என்று சொல்லித்தான் ஒரு வேட்டி வாங்கினோம். வீட்டுக்கு வந்து ஓரத்தில் ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டினேன். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது உருகி, கறுப்பு மணியாகத் திரண்டு, விரலைச் சுட்டது. மாமாவிடம் இன்றுவரை நான் அதைச் சொல்லவில்லை.

எனக்கு அது சாதாரண ஏமாற்றமாக இல்லை. ஆறு வருடம் வணிகச்சின்ன வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தவள் நான். கிண்டியில் இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு எத்தனையோ முறை ஃபைல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். புவிசார் குறியீடு என்றால், ஓர் இடத்தால் பேர் பெற்ற பொருளின் பெயரைக் காக்கும் பதிவு. இந்தியா முழுவதற்கும் அந்த ஒரே பதிவகம்தான், காஷ்மீர் பஷ்மினாவின் காகிதமும் அங்கேதான் வரும், நாகர்கோவில் கோயில் நகையின் காகிதமும் அங்கேதான் வரும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற பொருள் எந்தத் தெருவில், யார் கையில் உருவாகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. இந்த நாலு நாளில் அதைத்தான் பார்க்கப் போகிறேன், ஒவ்வொரு ராத்திரியும் எழுதுகிறேன்.

அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கலாம். விசைத்தறி ஒரே மாதிரி கடகடவென்று ஓடும். கைத்தறிக்கு இடைவெளி உண்டு, மிதி, நாடா, அச்சு அடிக்கும் சத்தம், நடுவில் நெய்பவர் அறுந்த இழையை முடிய நிறுத்தும் அமைதி. அந்த அமைதியைக் கேட்டுத்தான் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே குழித்தறியில் ஒரு பெரியவர். அறுபத்தைந்து வயது இருக்கும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளில், வெள்ளைப் பட்டு, இரண்டு பக்கமும் சரிகைக் கரை. ஜன்னல் வெளிச்சம் பாவின்மேல் விழுந்திருந்தது. கையை வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன், என் கையில் பஸ் கம்பி அழுக்கு இருந்ததால் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசியபின் கேட்டேன், "ஐயா, வெண்பட்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கே, தெரியுங்களா?"

"தெரியும் கண்ணு. பேப்பர்ல வந்துச்சு. கடையில ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க, பாவு வாங்கப் போறப்ப பார்த்திருக்கேன்."

"அதுல உங்க பேரைப் பதிஞ்சிருக்கீங்களா?"

தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எம் பேரு எதுக்குங்க அதுல? நான் கூலிக்கு நெய்யறவன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் பாசுமதி ரகங்களுக்கு அங்கே காப்புரிமை வாங்கியது, இங்கே பெரிய கொந்தளிப்பு. அப்போது நம்மிடம் இப்படிப்பட்ட பெயர்களைக் காக்கத் தனிச் சட்டமே கிடையாது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமோ, சொந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாத பெயரை மற்ற நாடுகள் காக்க வேண்டியதில்லை என்கிறது. 1999-ல் சட்டம் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2004-ல் முதல் பதிவு தார்ஜிலிங் தேயிலை. சேலம் துணியும் சேலம் வெண்பட்டும் அடுத்த சில வருடங்களிலேயே, 2010-க்கு முன்பே, பதிவாகிவிட்டன. பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி எல்லாம் அந்தக் காலத்துக் கூட்டம்தான்.

பதிவேட்டில் இரண்டு பகுதி. ஏ பகுதியில் பொருளின் பெயர், எல்லை, விண்ணப்பித்த சங்கமோ அமைப்போ இருக்கும். பி பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள், அதாவது அந்தப் பொருளைச் செய்கிறவர்கள், ஒவ்வொருவராகத் தன் பேரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயரைத் தன் பொருளின்மேல் போடும் உரிமை பி பகுதியில் பேர் இருப்பவருக்குத்தான். செய்தியில் வருவது, ஃபிரேம் போட்டு மாட்டுவது எல்லாம் ஏ பகுதி. பி பகுதியைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

அப்புறம் இன்னொன்று. சட்டத்தில் உற்பத்தியாளர் யார் என்று சொல்லும் இடத்தில், பொருளைச் செய்கிறவர் மட்டும் இல்லை, அதை வாங்கி விற்கிறவரும் சேர்த்தி. வியாபாரியும் நெசவாளியும் ஒரே கதவு வழியாக உள்ளே போகலாம். வியாபாரிக்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், அவர் முதலில் போய்விடுகிறார். தறியில் இருக்கிறவருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. வியாபாரி இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அவர் இல்லாமல் வேட்டி சென்னைக்கு வராது. ஆனால் நெய்தவர் பேர் இல்லாத ஒரு பட்டியலை வெண்பட்டுப் பட்டியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரியவரிடம் சட்டத்தின் 24-ம் பிரிவைச் சொன்னேன். இந்த உரிமையை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, அடுத்தவருக்கு வாடகைக்கு விட முடியாது, பதிந்தவர் இறந்தால் அவர் வாரிசுக்குப் போகும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அடமானம் வெக்க முடியாத சொத்தா? அப்படி ஒண்ணு எங்க ஊட்ல இருந்ததே இல்லியே."

நாலாம் நாள் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி தெருமுனையில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், காரச் சட்னி. மூன்று செட் சாப்பிட்டேன். தூக்கம் வருகிறது.

இரண்டாம் நாள், இரவு பதினொன்று

இன்று நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இன்று பார்த்தது அவ்வளவு.

ஆத்தூர் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. இப்போது வெட்டும் பருவம், லாரி லாரியாகக் கிழங்கு போகிறது. ஒரு சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், தெரிந்தவர் மூலம் சொல்லி வைத்திருந்தேன். சேகோ என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், சேகோ ஃபேக்டரி, சேகோ ரேட்டு. ஆலையை நெருங்கும்போதே புளித்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. அரை மணி நேரத்தில் பழகிவிடும் என்றார்கள், பழகியும் விட்டது.

கிழங்கு வந்ததும் முதல் வேலை பாயிண்ட் பார்ப்பது. லாரியிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து அதில் எவ்வளவு மாவுச்சத்து என்று அளக்கிறார்கள், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை. இந்த இடத்தில்தான் விவசாயிக்கும் ஆலைக்கும் சண்டை. நான் நின்ற பத்து நிமிடத்திலேயே ஒரு விவசாயி, "நேத்து மழை பெய்ஞ்ச காட்டுக் கிழங்கா இது? காய்ஞ்ச காடுங்க, இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்று நின்றார். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் ஏறியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்புறம் கழுவி, தோல் சீவி, அரைத்து, பால் பிழிகிறார்கள். உண்மையிலேயே பால் மாதிரிதான் இருக்கிறது. அதைத் தொட்டிகளில் விட்டால் மாவு அடியில் இறுகிவிடும், மேல் தண்ணீரை வடித்துவிட்டு மாவைப் பாளம் பாளமாக வெட்டி எடுக்கிறார்கள். சக்கை திப்பியாக மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஈரமாவை உதிர்த்துக் குலுக்கினால் தானாகவே உருண்டையாகத் திரள்கிறது. இதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். யாரும் உருட்டவில்லை, அச்சு கிடையாது, குலுக்கக் குலுக்க மாவு மணியாகிறது. சல்லடையில் அளவு பிரித்து, சூடான தட்டில் வறுப்பது ஒரு ரகம், ஆவியில் வேக வைப்பது நைலான் ஜவ்வரிசி. பிறகு களத்தில் வெயிலில் காய வேண்டும். சிமெண்டுக் களம் முழுக்க வெள்ளையாகப் பரந்து கிடக்கிறது, கண் கூசி நேராகப் பார்க்க முடியவில்லை. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலாலேயே தள்ளித் தள்ளிக் கிளறுகிறார்கள். உடைந்து கிடந்ததை ஒரு அக்கா கையில் அள்ளிக் கொடுத்தார், வாயில் போட்டுக்கொண்டேன். ருசி ஒன்றும் இல்லை, வெயில் சூடு மட்டும் இருந்தது.

எனக்கு இந்த ஜவ்வரிசியின் கதை பிடிக்கும், காரணம் இதில் எதுவுமே சேலத்தில் பிறந்தது இல்லை. அசல் சேகோ தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ஒரு பனை வகை மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. மலாய் மொழியில் சாகு. ஜாவாவிலிருந்து வந்த அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மரவள்ளியோ தென் அமெரிக்கக் கிழங்கு. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதை மக்கள் பயிரிடும்படி ஊக்குவித்தார், அரிசி இல்லாத காலத்தில் கேரளத்துக்குச் சோறு போட்டது அதுதான். இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. மீன் வியாபாரத்துக்காகக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்திக்கிறார். ஷாவுக்கு அங்கே சேகோ செய்யும் முறை தெரியும். 1943 வாக்கில் இருவரும் சேர்ந்து மரவள்ளி மாவில் செய்து பார்க்கிறார்கள். வேறொரு கண்டத்துக் கிழங்கு, வேறொரு கடல் தாண்டிய தொழில், ஒரு மீன் வியாபாரி, ஒரு குஜராத்தி. அங்கிருந்துதான் இந்தக் களம் வரைக்கும் வந்திருக்கிறது.

அப்படியானால் இதை எப்படி சேலத்துப் பொருள் என்று சொல்வது? சீனியரிடம் வேலை பார்த்தபோது இதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சட்டம் செடி எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. அந்தப் பொருளின் தரமோ, நற்பெயரோ, வேறு தனித்தன்மையோ அந்த இடத்தால் வந்ததா என்றுதான் கேட்கிறது. செய்பொருளாக இருந்தால் அதைச் செய்வதிலோ பக்குவப்படுத்துவதிலோ ஏதாவது ஒரு கட்டம் அந்த எல்லைக்குள் நடக்க வேண்டும். எண்பது வருடமாக இந்த மண்ணில் கிழங்கு போட்டு, இந்த வெயிலில் காயவைத்து, மகாராஷ்டிரத்தில் விரத நாளில் சாபுதானா கிச்சடி செய்கிற வீடுவரை போய்ச் சேர்ந்திருக்கிறதே, அந்தப் பேர் சேலம் சம்பாதித்தது. இப்போது சிவராத்திரி வருகிறது, வடக்கே லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மாவட்டத்தின் உழைப்பு யார் யாரோ வீட்டு விரதத்துக்குப் போகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

இங்கே ஆலைகள் சேர்ந்து 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தன. ஏலத்தில் விற்பது, கிடங்கில் வைப்பது, முன்பணம் கொடுப்பது எல்லாம் அதன் வழியாக. அந்தச் சங்கம்தான் சேலம் ஜவ்வரிசிக்கு விண்ணப்பித்தது, 2023-ல் பதிவாயிற்று.

பதிவானபின் என்ன மாறியது என்று ஆலைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "பேரு வந்திருக்குங்க. ரேட்டு வரல" என்றார். ரேட்டு வராததற்கு அவர் சொன்ன காரணம் மக்காச்சோளம். மக்காச்சோள மாவு மலிவு. மரவள்ளி மாவில் அதைக் கலந்து உருட்டினால் பார்க்கிறவருக்குத் தெரியாது, கிழங்குக்கு விலை விழும். விவசாயிகள் பல வருடமாக இதைச் சொல்லிப் போராடுகிறார்கள். இன்னொன்று வெள்ளை. மரவள்ளி ஜவ்வரிசியின் இயல்பான நிறம் கொஞ்சம் மங்கல். ஆனால் வாங்குகிறவருக்குப் பளிச்சென்று வேண்டும், அதனால் வெளுக்கும் ரசாயனம் போடுகிற ஆசை வருகிறது.

என் எண்ணம் இதுதான். குறியீடு ஒரு பட்டமாக மட்டும் இருந்தால் இந்தக் கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் அந்தப் பதிவுக்குள் ஒரு விவரக்குறிப்பு இருக்கிறது, பொருள் எதனால் ஆனது, எப்படிச் செய்வது, யார் சோதிப்பது என்று. மக்காச்சோளம் கலந்ததை சேலம் ஜவ்வரிசி என்று விற்றால் அது கலப்படக் குற்றம் மட்டுமில்லை, பொய்க் குறியீட்டுக் குற்றமும்கூட. சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆயுதம் இருக்கிறது, எடுக்கிற கை வேண்டும். கிழங்கு போடுகிற விவசாயியும் அதைக் கேட்கும் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கலப்படத்தால் முதலில் அடிபடுவது அவர் பாயிண்ட் விலைதான்.

களத்து அக்காவிடம் கிளம்பும்போது கேட்டேன், உங்கள் வீட்டில் ஜவ்வரிசி என்ன செய்வீர்கள் என்று. "வடாம் போடுவோம். பாயசம் ஆடிக்கு, தீவாளிக்கு. பளிச்சுன்னு இருக்கறத வாங்காதம்மா, கொஞ்சம் மங்கலாப் பாத்து வாங்கு." இரண்டு கிலோ மங்கலாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், ஏற்காடு, இரவு ஒன்பது

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். காலையில் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறது, பக்கத்து சீட் குழந்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து பதினான்கில் தூங்கிவிட்டது. ஏரியும் படகும் எனக்கு இந்த முறை வேண்டாம், நேராக நாகலூர் பக்கம் போய்விட்டேன்.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டு வாசல், சிமெண்டுத் தளம், தார்ப்பாய் எங்கே பார்த்தாலும் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. இந்த மலைக்குக் காப்பி வந்து 200 வருடம் ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்து வைத்தது.

இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு தம்பி தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். இந்த மலையின் மலையாளி பழங்குடி. கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர் என்று பொருள் சொன்னார். அவர் தாத்தா வெள்ளைக்காரர் எஸ்டேட்டில் கூலி, அப்பா கொஞ்சம் நிலம் சேர்த்தார், இவர் அதில் அராபிகா என்ற காப்பி வகை வைத்திருக்கிறார்.

"பழத்தைக் காயவெச்சு செர்ரியாவே குடுத்துருவோம்க்கா. வியாபாரி வந்து மூட்டை போட்டுக்குவாரு. பார்ச்மென்ட், அதாவது பழத்தோலை உரிச்சுக் கழுவிக் காயவெச்ச கொட்டை, போட தண்ணியும் மிஷினும் வேணும்."

"அப்புறம் எங்கே போகும்?"

"கீழே போகும். எல்லா ஊர் மூட்டையும் ஒண்ணாச் சேர்ந்துரும். நம்ம காப்பிய நம்ம குடிக்கறது இந்த அடுப்புல மட்டுந்தான்."

அந்த அடுப்பில் அவர் மனைவி வறுத்து இடித்துப் போட்டுக் கொடுத்த கருங்காப்பியைக் குடித்தேன், வெல்லம் போட்டு. சிக்கரி இல்லாமல் காப்பி குடித்துப் பழக்கமில்லாத எனக்கு முதல் வாயில் வெறும் புளிப்பு, மூன்றாவது வாயில்தான் அது பழத்தின் புளிப்பு என்று புரிந்தது. ஊருக்குள் கடைகளில் ஏற்காடு காப்பித்தூள் என்று பொட்டலம் தொங்குகிறது. இரண்டு மூன்றைத் திருப்பிப் பார்த்தேன். காப்பி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது, சட்டப்படி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். ஆனால் அந்தக் காப்பிக்கொட்டை இந்த மலையில் விளைந்ததா என்று சொல்ல அந்தப் பொட்டலத்துக்குக் கடமை இல்லை.

2019-ல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூர்க் அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா. கர்நாடகம், கேரளம், ஆந்திரம். தமிழ்நாட்டு மலைக் காப்பி ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. அன்று அந்தச் செய்தியைச் சென்னையில் ஆபீசில் படித்தபோது வரிசையை எண்ணிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இன்று இந்தத் தம்பியின் வாசலில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கையில் வலிக்கிறது.

அவரிடம் சொன்னேன், சங்கமாகச் சேர வேண்டும், எந்த எந்த ஊர் என்று எல்லை காட்டும் வரைபடம் வேண்டும், இந்தக் காப்பிக்கு என்ன தனித்தன்மை என்று சோதித்த ஆதாரம் வேண்டும், இந்த 200 வருடக் கதைக்கு ஆவணம் வேண்டும், அப்புறம் தரம் பார்க்க ஓர் ஏற்பாடு வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செஞ்சாலும் மூட்டை கீழே போய்க் கலந்துருமேக்கா" என்றார்.

சரியான கேள்வி. ஏலத்தில் ஏற்காடு மூட்டை தனியாக நிற்கவில்லை என்றால் பெயரைப் பதிந்து பயனில்லை. முதலில் நாலு பேர் சேர்ந்து ஒரு பழம் உரிக்கும் மிஷின், ஒரு கிடங்கு, மூட்டைமேல் ஊர்ப்பேர். பதிவு அதற்குப் பிறகு. நான் இதுவரை எல்லாரிடமும் முதலில் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மலைக்கு வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

மாலையில் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலைக்கே அவர் பேர்தான். பூசாரி திருநீறு கொடுத்து எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன், அப்புறம் என்னவோ தோன்றி, அப்பா ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.

நாலாம் நாள், ரயிலில்

காலையில் இறங்கி நேராக அம்மாப்பேட்டை. ராத்திரியே செல்போனில் படிவத்தை எடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். ஜிஐ-3 என்று பேர். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவதற்கான விண்ணப்பம். முன்பு இதற்குக் கட்டணம் 500 ரூபாய், 2020-ல் விதியைத் திருத்திப் பத்து ரூபாய் ஆக்கினார்கள். பத்து ரூபாய் என்றதும் பெரியவர் நம்பவில்லை. ஒரு டீ என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "டீ பன்னெண்டு ரூவாங்க இப்ப" என்றார்.

வெண்பட்டைப் பதிந்த அமைப்புக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும், தான் இன்ன வேலையை இத்தனை வருடமாகச் செய்கிறேன் என்று ஓர் அறிக்கை வேண்டும். நான் எழுதினேன், அவர் தறியில் இருந்தபடியே சொன்னார்.

"கூலிக்கு நெய்யறேன்னு போடலாமா? முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

செய்கிறவர்தான் உற்பத்தியாளர், கூலியா சொந்தமா என்று அந்த வரையறை கேட்கவில்லை என்றேன். முதலாளியும் தனியாகப் பதியலாம், இவர் பதிவதால் அவருக்கு எதுவும் குறையாது. அதற்குப் பிறகும் அவர் யோசித்தார். அந்த யோசனையை நான் அவசரப்படுத்த முடியாது. பாவும் நூலும் வேறொருவர் கொடுத்து நெய்கிறவருக்கு இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று தறிக்குழிக்கு வெளியே நிற்கிற எனக்கு முழுதாகத் தெரிந்துவிடாது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்க 1985-ல் வந்த சட்டத்தின்கீழ் இப்போது பதினொரு ரகங்கள் இருக்கின்றன, அதில் கரைவேட்டியும் உண்டு. அந்தச் சட்டம் இருக்கும்போதே பக்கத்துத் தெருவில் விசைத்தறியில் கரைவேட்டி ஓடுகிறதே என்று அவர் கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை. புகார் கொடுக்க உங்களுக்கு என்று ஒரு பேர் காகிதத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

வேலை ஆரம்பித்தது பதினாறு வயதில். இப்போது அறுபத்தாறு. மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறார், தறிக்கு வரமாட்டார். வாரிசு என்ற இடத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தடுமாறினார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நாடாவைத் தள்ளிப் பார்ப்பாளாம்.

தம்பி வேட்டிக்கு அளவு சொன்னேன், எட்டு முழம். மாசி பத்துக்குள் முடியும், முதலாளி கடையில் வந்துதான் வாங்க வேண்டும், தான் நேரடியாக விற்க முடியாது என்றார். சரி, அங்கேயே வாங்குகிறேன், ஆனால் உங்கள் தறி வேட்டி என்று கேட்டு வாங்குவேன் என்றேன். கரையில் ஊசிப்பூ போட்டது என்று கேளுங்க, இந்தத் தெருவில் இப்போது அது என் தறியில் மட்டும்தான் ஓடுகிறது என்றார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தறியை விட்டு எழுந்து வெளியே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பேர் எழுதும் கட்டத்தில் நான் இனிஷியல் மட்டும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "அப்பா பேரை முழுசா எழுதுங்க கண்ணு, இந்தத் தறி அவருது" என்றார். அடித்துத் திருத்தாமல் இரண்டாவது படிவத்தை எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.